பதினோரு செகண்டும் எங்க அக்கா புருஷனும்

ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு எங்க அக்கா புருஷனை நான் அடிச்சேன். கன்னத்துல ரெண்டு அறை. கீழ விழுந்ததும் விலாவுல ஒரு மிதி. அதுக்கு மேல என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது, வார்டு ஆளுங்க ரெண்டு பேர் ஓடி வந்து என்னை இடுப்போட பிடிச்சுத் தூக்கிட்டாங்க. அவர் உதடு கிழிஞ்சு ரத்தம் சட்டையில சொட்டுது. மனுஷன் துடைக்கலை. குனிஞ்சு அந்த ரத்தத்தைப் பாத்தார், யார் வீட்டுச் சட்டையோ மாதிரி. அதைப் பாத்ததும் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் கறிக்கடைக்காரன். கசாப்புக்காரன் வந்து இரக்கத்தைப் பத்திப் பேச வந்துட்டானாக்கும்னு நீங்க நினைக்கலாம். தாராளமா நினைச்சுக்கோங்க. இருபத்திரெண்டு வருஷமா வெட்டுறேன். ஆனா ஆடு தலையைத் திருப்பி என்னைப் பாத்துச்சுன்னா இன்னிக்கும் நான் வேற பக்கம் பாத்துக்குவேன். சூடா ரத்தம் கைமேல படும், கால் உதறும், அந்தக் கண்ணு ஒரு மாதிரி ஆகும். அதெல்லாம் பழகும், மரத்துப் போகாது. மரத்துப் போகணும்னா ஏசி ரூம்ல உக்காந்து கண்ணாடிப் பெட்டியில பாக்கணும். எங்க மாமா அப்படித்தான் பாத்தார்.

அக்கா புருஷனை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ளேம்பார். கல்யாண வீடியோ எடுக்குறவரா இருந்தார் அப்ப. பொண்ணு பாக்க வந்தவர் எங்க கடை வழியா வீட்டுக்குள்ள வரவேண்டியிருந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து கொக்கியில முழு ஆடு தொங்குது, கீழ தட்டுல சொட்டிக்கிட்டு இருக்கு. மாப்பிள்ளை அப்படியே கண் சொருகி என் மேல சாய்ஞ்சுட்டார். முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்பினோம். எங்கம்மா முகத்தை ஒரு பக்கமா வெச்சுக்கிட்டு, "இவரா?"ன்னு அக்காகிட்ட கேட்டாங்க. "இவர்தான் வேணும். ரத்தத்தைப் பாத்து விழுற ஆளு என்னைக் கை நீட்டி அடிக்க மாட்டார்"னு அக்கா சொல்லிட்டா. சொன்ன மாதிரியே ஒரு நாளும் அடிச்சதில்லை. அதை நான் மறைக்கக் கூடாது.

எல்லார் கையிலயும் நல்ல போன் வந்ததும் கல்யாண வீடியோ தொழில் படுத்துடுச்சு. மாமா ஒரு நியூஸ் சேனல்ல வேலைக்குச் சேந்தார். என்ன வேலைன்னா, ஊர்ல எங்க என்ன அடிதடி, விபத்து, வெட்டு நடந்தாலும் ஜனங்க போன்ல எடுத்து அனுப்புவாங்க இல்லையா, அதை முதல்ல பாக்குற ஆள் இவர். முழுசாப் பாக்கணும். எங்க ரத்தம் தெரியுது, எங்க முகம் தெரியுதுன்னு பாத்து அந்த இடத்துல ப்ளர் போடணும். முக்கியமான இடத்தைச் சுத்தி சிவப்பு வட்டம் போடணும். அப்புறம் அதையே மூணு தடவை திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி வெட்டிக் குடுக்கணும். நீங்களும் நானும் டிவியில மங்கலா பாத்து உச்சுக் கொட்டுறோமே, அதை மங்கல் இல்லாம பாத்த மனுஷன் ஒருத்தன் எங்கயோ உக்காந்திருக்கான். ஆபீஸ்ல அவருக்குப் பேரே ப்ளர் அண்ணன்.

முதல் வாரம் ஒரு ஸ்கூல் வேன் வீடியோ வந்துச்சாம். லாரிக்கு அடியில போயிடுச்சு. கதவு பிளந்து கிடக்கு, பைங்க ரோடு முழுக்க. ஒரு சின்னக் கை மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடிச்ச மாதிரியே இருக்கு, கைக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை. மாமா கக்கூஸுக்கு ஓடிக் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்திருக்கார். அங்கிருந்தே வீட்டுக்குப் போன். "பாப்பா வந்துட்டாளா? போனைக் குடு, அவ குரலைக் கேக்கணும்." ஒரு மாசம் வீட்ல கறி எடுக்கலை. என் கடைப் பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. "வேலையை விட்டுடுங்க"ன்னு அக்கா கெஞ்சினா. "வேற என்ன தெரியும் எனக்கு?"ன்னு அவர் அழுதார். அக்கா சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். சத்தத்தை அணைச்சுடுறது. "சத்தம்தான் மாப்ளே ஆளைக் கொல்லுது"ன்னு என்கிட்டயே சொன்னார். "அடி வாங்குறவன் கத்துறது, பக்கத்துல நிக்கிற அம்மா கத்துறது, அதை அணைச்சுட்டா வெறும் படம்தான். ஆடுது, அசையுது, நிக்குது. அவ்வளவுதான்."

அன்னிலேர்ந்து மனுஷன் எல்லாத்தையும் ஊமையா பாக்க ஆரம்பிச்சார். திருடன்னு நினைச்சு ஒருத்தனைக் கம்பத்துல கட்டி வெச்சு இருபது பேர் கம்பியால அடிச்சாங்க, அவன் தாடை கழண்டு தொங்குச்சு, ஊமையா பாத்தார். மரம் அறுக்குற மில்லுல ஒருத்தன் வழுக்கி விழுந்தான், தோளிலேர்ந்து இடுப்பு வரைக்கும் பிளந்துச்சு, ஊமையா பாத்தார். பொண்டாட்டி மேல ஒருத்தன் பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினான், அவ எரிஞ்சுக்கிட்டே ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குள்ள ஓடினா, அதையும் ஊமையா பாத்தார். வலது கைக் கட்டைவிரல் கீபோர்டுல பெரிய கட்டை மேலயே இருக்கும். அதைத் தட்டினா படம் நிக்கும். நிறுத்துவார், வட்டம் போடுவார், ஓட விடுவார், நிறுத்துவார். ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது.

ரெண்டு வருஷத்துல கறி சாப்பிட ஆரம்பிச்சுட்டார். நல்லதுதானேன்னு நினைச்சேன், என் வியாபாரம் பாருங்க. நாலு வருஷத்துல மேசையிலயே டிபனைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பாக்குறாராம். ஒரு தடவை என் கை விரல்ல கத்தி இறங்கி எலும்பு தெரிஞ்சுச்சு. துணியைச் சுத்திக்கிட்டு வலியில பல்லைக் கடிக்கிறேன். மாமா என் கையைத் திருப்பிப் பாத்துட்டு, "இது டிவியில போகாது மாப்ளே, சின்னது"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

எங்கம்மா செத்தப்ப அவர் அழலை. அம்மாவுக்கு மருமகன்னா உசுரு. அழலையேன்னு அக்கா ஒரு வருஷம் மனசுல வெச்சுக்கிட்டிருந்தா. ஒரு நாள் வெடிச்சுட்டா. "உங்களுக்குள்ள யாராவது இருக்காங்களா இல்லையா?"ன்னு கேட்டாளாம். "இருக்கேன், கொஞ்சம் தள்ளி இருக்கேன்"னாராம். என்ன பதில் இது, சொல்லுங்க.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். மக வெளியூர் காலேஜுக்குப் போனப்புறம் அக்கா வீட்ல சும்மா இருக்கப் பிடிக்காம என் கடைக்கு வந்துக்கிட்டிருந்தா. கறி அரைக்கிற மெஷின் அவ பொறுப்பு. கடைக்குள்ள கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன ரூம்ல மெஷின் இருக்கு. ரூமைத் தினமும் தண்ணி அடிச்சுக் கழுவுறதால ஸ்விட்சை உள்ள வைக்காம தடுப்புக்கு வெளியில, ஆள் நிக்கிற பக்கம் வெச்சேன். சிவப்பு ஸ்விட்ச், தோள் உயரத்துல, தட்டினா நின்னுடும். மெஷின் வாய்க்கு மேல ஒரு கம்பித் தட்டு வரும், கை உள்ள போகாம இருக்க. அது இருந்தா அரைக்கிறது மெதுவாகுதுன்னு நான்தான் கழட்டி அலமாரி மேல போட்டேன். ஆமா, நான்தான். யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

மாமாவுக்கு அன்னிக்கு லீவு. மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். நான் பின்பக்கம் வண்டியிலேர்ந்து சரக்கு இறக்கிக்கிட்டு இருந்தேன். வண்டி இன்ஜின் ஓடுது, உள்ள ஒண்ணும் கேக்கலை. தடுப்புக்கு வெளியில மாமா நிக்கிறார், ஸ்விட்ச் அவர் தோளுக்குப் பக்கத்துல. உள்ள அக்கா கறியைத் தள்ளுறா. தள்ளுற கட்டை எங்கயோ நழுவிப் போச்சு, அவசரத்துல கையாலயே தள்ளினா. மெஷின் விரலைப் பிடிச்சுடுச்சு.

அந்த மெஷின் உள்ள திருகு இருக்கும். பிடிச்சதை விடாது, இழுத்துக்கிட்டே போகும். மத்த விவரம் வேண்டாம்னு பாத்தேன். ஆனா சொல்லாம விட்டா நானும் ப்ளர் போட்ட மாதிரிதான் ஆகும். முதல்ல விரல் நுனி. அப்புறம் கணு. எலும்பு உடையுறப்ப அவ உடம்பு முழுக்க ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. இடது கையால மெஷினை அடிக்கிறா, மேசையை உதைக்கிறா, வாய் காது வரைக்கும் திறந்திருக்கு. அடியில ஜல்லடை வழியா வெளிய வந்தது கறி இல்லை. தடுப்புக் கண்ணாடி தடிமன். வெளியில மெஷின் உறுமுறதுதான் கேக்கும், மனுஷ சத்தம் கேக்காது.

எங்க மாமா பாத்துக்கிட்டு நின்னார்.

கறி வாங்க வந்த ஒரு பொண்ணு, பஸ்ல கண்டக்டரா இருக்குறவ, தோள்ல பையோட உள்ள வந்தவ, கண்ணாடி உள்பக்கம் ரத்தம் தெறிச்சதைப் பாத்துட்டு அவரை முழங்கையால இடிச்சுத் தள்ளி ஸ்விட்சை அடிச்சிருக்கா. அதுக்கப்புறம்தான் அவ போட்ட கூச்சல் எனக்குக் கேட்டுச்சு. நான் ஓடி வந்து மெஷினைக் கழட்டுறப்ப அக்காவுக்கு நினைவு இல்லை. மாமா சாப்பாட்டுப் பையை இன்னும் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறார்.

ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வந்து, "மணிக்கட்டு வரைக்கும் எடுக்க வேண்டியதாப் போச்சு"ன்னார். "கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்." கூட வந்திருந்த கண்டக்டர் பொண்ணு மெதுவா என்கிட்ட வந்தா. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இவர் ஸ்விட்ச் பக்கத்துலதான் நின்னார். எதுக்கோ காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு."

"நெஜமா மாமா?"ன்னு கேட்டேன்.

"ஆமா மாப்ளே."

"ஏன்?"

"நடந்து முடிஞ்சதுன்னு நினைச்சுட்டேன்"னார்.

அப்பத்தான் அடிச்சேன். என்னன்னு புரியலை, புரிஞ்சுக்கவும் விரும்பலை. அக்கா கை போயிடுச்சு, இந்தாளு புதிர் போடுறான்னுதான் பட்டுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே கடைக் கேமரா பதிவை எடுத்து என் போன்ல ஏத்திக்கிட்டேன். முதல் தடவை பாத்தப்ப பாதியில போனைக் கீழ போட்டுட்டுக் கை கழுவுற தொட்டியில தலையை வெச்சு அழுதேன். ரெண்டாவது தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசாப் பாத்தேன். மெஷின் பிடிச்சதுலேர்ந்து நிக்கிற வரைக்கும் பதினோரு செகண்ட். அதுல ஒம்போது செகண்ட் இவர் தனியா நிக்கிறார். முகத்துல ஒண்ணுமே இல்லை. ஆனா வலது கையைப் பாத்தா ஒண்ணு தெரியும். கட்டைவிரல் தொடை மேல தட்டுது. ஒரு தட்டு. நிறுத்தி இன்னொரு தட்டு. அப்புறம் வேக வேகமா தட்டு தட்டுன்னு தட்டுது. படத்தை நிறுத்தப் பாக்குறார் மனுஷன். சிவப்பு ஸ்விட்ச் தோளை உரசிக்கிட்டு இருக்கு, இவர் தொடையில நிறுத்தப் பாக்குறார்.

நாலு நாள் கழிச்சு உதட்டுல தையலோட வந்தார். வராந்தா பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்தார். தள்ளி உக்காரச் சொல்லலை, அடிக்கவும் தெம்பு இல்லை.

"நான் பாக்குறதெல்லாம் ஏற்கெனவே நடந்து போனதுதானே மாப்ளே. எட்டு வருஷமா ஒண்ணைக்கூட நான் தடுத்ததில்லை. தடுக்கவும் முடியாது. முடிஞ்சதை வெட்டி ஒட்டத்தான் முடியும். அவளைத் தெரிஞ்சுது. அவதான்னு தெரிஞ்சுது. ஆனா இனிமே நடக்கப் போறது மிச்சம் இருக்குன்னு தோணலை"ன்னார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லை?"ன்னு போனை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரா வீடியோவைப் போட்டேன். எங்க கேமராவுல சத்தம் கிடையாது. ரெண்டு செகண்ட்தான் பாத்திருப்பார். காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, "அணை, அணை, கேக்குது"ன்னார். "என்ன கேக்குது? இதுல சத்தமே இல்லை"ன்னேன். "கேக்குது மாப்ளே"ன்னு தரையில உக்காந்துட்டார். அங்கயே வாந்தி எடுத்தார். நடிப்புன்னுதான் நான் நினைச்சேன். அடுத்த நாளே வேலையை விடுறதா எழுதிக் குடுத்துட்டார்னு கேள்விப்பட்டேன். அதுவும் நடிப்புதான்னு சொல்லிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அந்த வீடியோதான் எனக்கு வேலை. கடைக்கு வர்றவங்க, "அக்காவுக்கு என்ன ஆச்சு, எப்படி ஆச்சு?"ன்னு கேப்பாங்க. வாயால சொன்னா, "பாவம், பதட்டத்துல கை கால் ஓடியிருக்காது"ன்னு அவருக்குத்தான் பரிஞ்சு பேசுவாங்க. எனக்குப் பொறுக்காது. போனை எடுத்துக் காட்டுவேன். சித்தப்பாவுக்குக் காட்டினேன். ஆடு சப்ளை பண்றவருக்குக் காட்டினேன். வக்கீலுக்குக் காட்டினேன். முடி வெட்டிக்கப் போன இடத்துல காட்டினேன். அவங்க முகத்தை மூடிக்குவாங்க. "அதைப் பாக்காதீங்க, இந்தப் பக்கம் இந்தாளைப் பாருங்க, கட்டைவிரலைப் பாருங்க"ன்னு விரலை வெச்சு வெச்சுக் காட்டுவேன். எந்த இடத்துல நிறுத்தணும், எந்த இடத்துல பெருசு பண்ணணும்னு எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு. கம்பித் தட்டைப் பத்தி யாரும் கேக்கலை. நானும் சொல்லலை.

அக்காவை என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். வலது கையில கட்டு, மணிக்கட்டோட முடிஞ்சுடும். இடது கையால சாப்பிடப் பழகிக்கிட்டிருந்தா. தினமும் மாமா வாசல் வரைக்கும் வந்துட்டுப் போவார். நான் உள்ள விடலை. மூணாவது வாரம் ஒரு காலையில, துணியை இடது கையால மடிக்கப் பாத்துக்கிட்டே, "நான் எங்க வீட்டுக்குப் போறேன்டா"ன்னா.

"எந்த வீட்டுக்கு?"

"எத்தனை வீடு இருக்கு எனக்கு? அவர்கூடதான்."

எனக்கு வந்துச்சே கோவம். "அந்தாளு பாத்துக்கிட்டு நின்னான்க்கா. உனக்குத் தெரியாது, நீ உள்ள இருந்தே. அவர் கையை நீட்டியிருந்தா இன்னிக்கு உன் கை உன்கிட்ட இருக்கும்."

"தெரியும். ஆஸ்பத்திரியிலயே அவரே சொல்லிட்டார்."

"சொன்னது வேற, பாக்குறது வேற. இந்தா, நீயே பாரு"ன்னு போனை அவ முன்னாடி மேசையில நிறுத்தி வெச்சு ஓட விட்டேன்.

அவ பாத்தா. முதல்ல மூணு செகண்ட் ஒண்ணும் இருக்காது, அவ கறி தள்ளுறதுதான். "இரு, இப்ப வரும்"னேன். மெஷின் பிடிச்சுது. அக்கா மூச்சை இழுத்தா. நான் படத்தை நிறுத்தி, ரெண்டு விரலால மாமா நிக்கிற பக்கத்தைப் பெருசு பண்ணினேன். அவ பார்வை படத்துல மெஷின் பக்கமே இருந்துச்சு. "அங்க பாக்காதக்கா, அது ஒண்ணும் இல்லை, இங்க பாரு. கட்டைவிரலைப் பாரு. இன்னும் ரெண்டு செகண்ட்ல வேகமா தட்டுவார், அதான் முக்கியம்"னு மறுபடி ஓட விட்டேன்.

அவ கட்டுப் போட்ட கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என் முகத்தையே பாத்தா.

"டேய்," அப்படின்னா. "அது என் கைடா."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன், கணக்கு இல்லை. கடைசியா எப்ப அந்த வீடியோவுல அக்கா இருக்கான்னு பாத்தேன்னு யோசிச்சேன். அது நினைவுக்கே வரலை. என் கூடப் பிறந்தவ கத்திக்கிட்டு இருக்கா, நான் வேற எதையோ பெருசு பண்ணிக் காட்டிக்கிட்டு இருக்கேன். "அக்கா, அந்தக் கம்பித் தட்டைக் கழட்டினது நான்தான்"னு அப்பத்தான் வாய் திறந்து அவகிட்ட சொன்னேன்.

"தெரியும்டா. தினமும் அந்த மெஷின் முன்னாடி நின்னவ நான்தானே"ன்னா. இடது கையால என் போனைத் தடவி அந்தப் படத்தை மூடப் பாத்தா, அவளுக்கு வரலை. வேற பக்கம் போய் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. நான் வாங்கி மூடினேன்.

"அதை அழிச்சுட்டு அவருக்கு ஒரு போன் போட்டுக் குடு. என்னால நம்பர் அமுக்க முடியலை"ன்னா.

ரெண்டையும் அதே வரிசையில பண்ணினேன்.